ஆட்டிசம் உள்ள குழந்தை பள்ளியில் சாப்பிடவில்லையா? வீடும் பள்ளியும் சேர்ந்து எங்கிருந்து தொடங்குவது

பள்ளியில் சேர்த்த முதல் மாதத்திலேயே பல வீடுகளில் இது ஆரம்பித்துவிடும். காலையில் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ் மாலையில் அப்படியே திரும்பி வரும். "நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டோம், வாயைத் திறக்கவே மாட்டேங்கிறான்" என்று டீச்சர் சொல்வார். "வீட்டுல நல்லாத்தானே சாப்பிடறான், அங்க என்னதான் நடக்குது" என்று நமக்குச் சந்தேகம் வரும், அதே நேரத்தில் பள்ளியில் "வீட்டுல செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் அக்கறையோடுதான் இருக்கிறார்கள். ஆனால் ஆளுக்குப் பாதிதான் தெரியும். வீட்டுக்குத் தெரிந்தது பள்ளிக்குத் தெரியாது, பள்ளியில் நடப்பது வீட்டுக்கு வந்து சேராது. அந்த இரண்டு பாதியையும் சேர்த்து வைத்தால்தான் குழந்தை ஏன் சாப்பிடவில்லை என்பதே புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பிடிவாதமோ வளர்ப்புக் கோளாறோ இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குச் சத்தம், வாசனை, தொடுவுணர்வு எல்லாம் நமக்கு இருப்பதைவிட மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ இருக்கும். 2013இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல மருத்துவக் கையேடு இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. ரவை உப்புமாவில் நாக்கில் தட்டுப்படும் ஒரே ஒரு கடுகு, சாதத்தில் கிடக்கும் ஒரு கறிவேப்பிலை, அது போதும், அந்தத் தட்டு முழுவதும் அவனுக்கு ஆபத்தாகிவிடும். அப்புறம், அடுத்த வாய் எப்படி இருக்கும் என்று தெரிந்தாக வேண்டும் என்கிற தேவை. பாக்கெட் பிஸ்கட் இன்றைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரி இருக்கும், இட்லி அப்படி இல்லை, மாவு புளித்த அளவுக்கு ஏற்ப ருசியும் மிருதுவும் மாறும். பிஸ்கட்டும் அப்பளமும் சிப்ஸும் மட்டும் தின்கிற பிள்ளைகளைப் பார்த்து "ஜங்க் ஃபுட் பழக்கம்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இன்னும் சிலருக்குப் பசி, தாகம் என்கிற உடம்பின் சைகையே தெளிவாக எட்டாது. "பசிச்சா தானா சாப்பிடுவான்" என்ற பேச்சு மற்ற பிள்ளைகளுக்கு ஓரளவு சரியாக இருக்கலாம், இவர்களிடம் அதைச் சோதித்துப் பார்க்கவே கூடாது. நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிடுவார்கள்.

முதலில் டாக்டர்

பள்ளியோடு பேசுவதற்கு முன்னால் குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சொத்தைப் பல், வாய்ப்புண், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் இவற்றில் எது இருந்தாலும் சாப்பாடு குறையும், பேச வராத குழந்தை அதைச் சொல்லவும் முடியாது. மலச்சிக்கல் இந்தக் குழந்தைகளிடம் ரொம்ப சகஜம். மூன்று நான்கு நாள் வெளியே போகாத வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை "சாப்பிடு சாப்பிடு" என்று நச்சரிப்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். எடை, உயரம், ரத்தத்தில் ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்துவிடலாம். மருந்து எதுவும் கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் கேளுங்கள்: கவனக்குறைவுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மதியப் பசியைக் குறைக்கும், ரிஸ்பெரிடோன் நேர்மாறாகப் பசியைக் கூட்டி எடையை ஏற்றும். இந்தத் தகவல் டீச்சருக்கும் போக வேண்டும், இல்லையென்றால் அவர் தன் தவறு என்று நினைத்துக்கொள்வார், அல்லது பிள்ளையின் தவறு என்று.

மெல்லும்போது திணறுவது, விழுங்கச் சிரமப்படுவது போல் தெரிந்தால் ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தருபவர்) அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளைத் தானாகச் செய்யப் பயிற்சி தருபவர்) காட்டச் சொல்வார்கள். அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு வாரம் எழுதி வையுங்கள், இரண்டு பக்கமும்

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் கவனிப்பதுதான் அடுத்த வேலை. வீட்டில் ஒரு சின்ன நோட்டு. டீச்சரிடம் நோட்டெல்லாம் கேட்க வேண்டாம், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரால் முடியாது. மூன்றே மூன்று கேள்விக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரியோ ஒரு வாய்ஸ் நோட்டோ போதும்: பாக்ஸைத் திறந்தானா, எதையாவது தொட்டானா, அப்போது பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது. வீட்டு நோட்டில் நேரம், என்ன உணவு, சூடா ஆறியதா, யார் கொடுத்தது, எங்கே உட்கார்ந்து, டிவி ஓடியதா, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். காலையில் கிளம்பும் முன் குடிக்கும் பாலையும் எழுதுங்கள். பெரிய டம்ளர் பால் குடித்துவிட்டு வேன் ஏறும் பிள்ளைக்கு இடைவேளை வரை பசியே இருக்காது.

வார முடிவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விஷயம் தானாகவே தெரியும். வீட்டில் பிரியமாகத் தின்னும் தோசை காலை எட்டு மணிக்கு எவர்சில்வர் டப்பாவுக்குள் போனால் மதியம் வேர்த்து, ரப்பர் மாதிரி ஆகி, ஒரு தனி வாடையோடு வெளியே வருகிறது. நமக்கு அது ஆறிய தோசை, அவனுக்கு அது வேறொரு பண்டம். அல்லது அவன் உட்காரும் இடம் கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில், ஐம்பது தட்டு மோதும் சத்தம். அல்லது பக்கத்துப் பிள்ளை தினமும் கருவாடோ முட்டையோ கொண்டு வருகிறது. அல்லது, இது அடிக்கடி கவனிக்காமல் விடப்படுகிறது, பள்ளிக் கழிவறைக்குப் போகப் பயந்துகொண்டு தண்ணீரையும் சாப்பாட்டையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறான். அப்படியானால் நாம் சரி செய்ய வேண்டியது கழிவறைப் பயத்தை. உணவில் எந்தக் குறையும் இல்லை.

ஊட்டிவிடுவதும் போனும்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் "இங்க சாப்பிடறான், அங்க சாப்பிடல" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஐந்து வயது, ஏழு வயது வரைக்கும் அம்மாவோ பாட்டியோ பிசைந்து உருட்டி ஊட்டிவிடுகிறோம். கூடவே கையில் போன். கண் திரையில் இருக்கும், வாய் தானாகத் திறக்கும், தட்டு காலியாகும். ஆனால் தான் என்ன சாப்பிட்டோம் என்பதே குழந்தைக்குத் தெரியாது. அதே குழந்தையைப் பள்ளியில் டிபன் பாக்ஸ் முன்னால் உட்கார வைத்து "நீயே சாப்பிடு" என்றால் அவனுக்கு இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் இல்லாமல் போகிறது, ஊட்டும் கையும் இல்லை, போனும் இல்லை. அவன் மறுப்பது சாப்பாட்டை இல்லை, அவனுக்கு அந்த வேலையே தெரியாது.

அதற்காக நாளைக் காலையிலிருந்து போனைப் பிடுங்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் வீட்டில் சாப்பிடுவதும் நின்றுவிடும். ஒரு நாளில் ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அவனுக்கு ரொம்பப் பிடித்த உணவு இருக்கும் வேளை. முதலில் வீடியோவுக்குப் பதில் பாட்டு, திரையைக் கவிழ்த்து வைத்து. சில நாள் கழித்து முதல் நான்கு வாய் மட்டும் பாட்டு இல்லாமல். ஊட்டுவதிலும் அப்படித்தான்: நீங்கள் பிசைந்து உருட்டி வையுங்கள், எடுத்து வாயில் வைப்பது மட்டும் அவன் வேலை. கை பிசுபிசுப்பு பிடிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், சாதத்தில் கையை வைத்தாலே உடம்பைக் குறுக்கிக்கொள்வார்கள், அவர்களுக்கு ஸ்பூன் கொடுங்கள். "நம்ம பிள்ளை கையால சாப்பிடணும்" என்ற ஆசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த ஸ்பூன் வீட்டிலோ அதே ஸ்பூன் பள்ளிக்கும் போகட்டும்.

இந்தப் பழக்கம் வரும்வரை பள்ளியில் ஆயாம்மாவோ டீச்சரோ முதல் இரண்டு வாய் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் அது இத்தனை வாரத்துக்கு, அப்புறம் இப்படிக் குறைப்போம் என்று இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவனாகச் சாப்பிடப் பழக்கும்போது பள்ளியில் முழுவதையும் ஊட்டிவிட்டால், அல்லது அதற்கு நேர்மாறாக நடந்தால், குழந்தை குழம்பிப்போவான்.

ஒரு பக்கக் குறிப்பு

ஒரு வாரக் கவனிப்பு முடிந்ததும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். மூன்று பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். தமிழில், பெரிய எழுத்தில், வகுப்பு டீச்சர் மாறினாலும் ஆயாம்மா மாறினாலும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கட்டும். இப்படி:

"நிலக்கடலை எனக்குக் கூடாது. எனக்குப் பிடித்தவை: தயிர்சாதம் (தாளிக்காதது), மாரி பிஸ்கட், உருளைக்கிழங்கு வறுவல், வாழைப்பழம் (கறுப்புப் புள்ளி இல்லாதது). சாதமும் காயும் ஒன்றோடு ஒன்று படக்கூடாது. முட்டை வாசனை வந்தால் குமட்டும், தயவுசெய்து என்னைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள். போதும் என்றால் பாக்ஸை மூடிவிடுவேன், அதற்குப் பிறகு வற்புறுத்த வேண்டாம். தாகம் எடுத்தால் கேட்க மாட்டேன், பாட்டிலைக் கையில் கொடுத்தால் குடிப்பேன். காதைப் பொத்திக்கொண்டால் சத்தம் தாங்கவில்லை என்று அர்த்தம்."

பிராண்டு பெயர், பாக்கெட் நிறம் வரை எழுதுங்கள். அலர்ஜி இருந்தால் அதைச் சிவப்பில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். வாயில் அளவுக்கு மீறித் திணித்துக்கொள்ளும் பிள்ளை என்றால் அதையும் கண்டிப்பாக எழுத வேண்டும், தொண்டையில் அடைத்தால் என்ன முதலுதவி செய்ய வேண்டும் என்று அந்த அறையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

டீச்சரிடம் எப்படிப் பேசுவது

காலையில் கேட்டுக்கு வெளியே, வேன் ஹாரன் அடிக்கும்போது பேசாதீர்கள். பள்ளி முடிந்தபின் பதினைந்து நிமிடம் நேரம் கேளுங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் ஆயாம்மாவும் இருக்கட்டும், ஏனென்றால் சாப்பாட்டு நேரத்தில் உண்மையில் கூட இருப்பவர் பல பள்ளிகளில் அவர்தான். அரசுப் பள்ளி என்றால் சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் உங்கள் பள்ளிக்கு எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு, அந்த நாளில் சந்திப்பை வைத்தால் உங்களுக்குத் துணையாக ஒருவர் கிடைப்பார்.

பேச்சை எப்படித் தொடங்குகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. "ஏன் டீச்சர் சாப்பிட வைக்கல" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. "டீச்சர், வீட்டுல நாங்க இதெல்லாம் பாத்தோம், எழுதிக் கொண்டாந்திருக்கேன். மதியம் அவன் எப்படி இருக்கான்னு உங்களுக்குத்தான் தெரியும், கொஞ்சம் சொல்லுங்க" என்று தொடங்குங்கள். அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். அப்புறம் மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். என் பரிந்துரை: வற்புறுத்தாமல் இருப்பது, உட்காரும் இடம், தினமும் ஒரு வரிச் செய்தி. இந்த மூன்றும் நடந்தாலே மற்றது மெல்ல வரும்.

வற்புறுத்தல் என்று நான் சொல்வது அடிப்பதை மட்டும் இல்லை. மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைப்பது, "முடிச்சாத்தான் விளையாட விடுவேன்" என்பது, "பாரு, எல்லாரும் சாப்பிட்டாங்க, நீ மட்டும்தான்" என்று மற்ற பிள்ளைகள் முன்னால் சொல்வது, எல்லாம் அதில்தான் சேரும். ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு நல்ல எண்ணத்தில் வருவதுதான். ஆனால் இந்தக் குழந்தைக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். ஒருமுறை வாந்தி எடுக்கும்வரை ஊட்டப்பட்ட பிள்ளை அந்த உணவை விடுவதோடு நிறுத்த மாட்டான், அந்த இடத்தையும் அந்த ஆளையும் சேர்த்தே விட்டுவிடுவான், அப்புறம் காலையில் பள்ளி வாசலிலேயே அழுகை. இதே விதி வீட்டுக்கும் பொருந்தும். தாத்தா பாட்டிக்கு இதைப் புரிய வைப்பது டீச்சருக்குப் புரிய வைப்பதைவிடக் கஷ்டம். அந்த ஒரு பக்கக் குறிப்பை ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டி வையுங்கள்.

பள்ளி ஒத்துழைக்கவே மறுத்தால்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்றிருக்கிறது, ஆட்டிசம் அதில் ஒன்று. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் அந்தக் குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்று அதன் 16ஆவது பிரிவு சொல்கிறது. தள்ளி உட்கார வைப்பதும், வீட்டிலிருந்து வேறு உணவு கொண்டுவர அனுமதிப்பதும் அப்படிப்பட்ட ஏற்பாடுகளில் அடங்கும் என்று கேட்க உங்களுக்கு இடம் உண்டு. அதைக் கோரிக்கையாக எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பிலேயே சட்டத்தை எடுக்க வேண்டாம், ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது தைரியம் தரும்.

டிபன் பாக்ஸில் என்ன வைப்பது

அவன் கட்டாயம் சாப்பிடும் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். தினமும் ஒரே மாதிரியாக இருந்தாலும் பரவாயில்லை. பள்ளி என்பதே அவனுக்குப் பெரிய உழைப்பு, அங்கே போய்ப் புதிய காய்கறியோடு போராட வைக்காதீர்கள். சத்தெல்லாம் மதிய பாக்ஸிலேயே ஏறிவிட வேண்டும் என்றும் இல்லை, மாலை வீட்டுக்கு வந்ததும் ஒரு நல்ல சாப்பாடு, இரவு ஒன்று என்று கணக்கைப் பிரித்துக்கொள்ளலாம். அளவைக் குறைத்து வையுங்கள். நான்கு ஸ்பூன் தயிர்சாதம் முழுவதும் தீர்ந்தால் அது அவனுக்கும் டீச்சருக்கும் தெம்பு. அரை பாக்ஸ் மிச்சமானால் இருவருக்கும் சோர்வு.

"காய் கட்டாயம் இருக்க வேண்டும், பிஸ்கட் கொண்டு வரக்கூடாது" என்று விதி வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே டாக்டரிடம் நான்கு வரி எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சு தினமும் எழாது.

தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் மதியச் சத்துணவும் இருக்கின்றன. இவற்றில் இந்தக் குழந்தைகளுக்கு ஒரு வசதி உண்டு, நாளைக்கு என்ன என்று முன்பே தெரியும். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பட்டியலை வாங்கி, படம் வரைந்தோ ஒட்டியோ வீட்டுச் சுவரில் வைத்து, முந்தின நாள் இரவே காட்டிவிடுங்கள். எதிர்பாராததுதான் பயம், முன்பே தெரிந்தால் பாதி பயம் குறையும். கலவை சாதம் சமைத்தபின் அதிலிருந்து மசாலாவையோ காயையோ பிரிக்க முடியாது, அதை எதிர்பார்க்காதீர்கள். மசாலா சேர்க்காத வெறும் முட்டை, தனியாகக் கொஞ்சம் உருளைக்கிழங்கு கிடைக்குமா என்று சமையலர் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மனமுவந்து எடுத்து வைப்பார்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதும் உண்டு.

சாப்பிடும் இடமும் நேரமும்

செலவில்லாத மாற்றங்கள் இவை. மற்றவர்கள் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே கை கழுவி உட்கார்ந்துவிடுவது. சுவர் ஓரமாக, ஒரு பக்கமாவது யாரும் இல்லாமல் இருப்பது. தரையில் சம்மணமிட்டு உட்காரும்போது உடம்பு தளர்ந்து சாயும் பிள்ளைக்கு முதுகுக்குச் சுவர், பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்குக் கால் தொங்காமல் கீழே ஒரு பலகை, இது இல்லையென்றால் உட்காருவதற்கே அவன் சக்தி எல்லாம் போய்விடும். அமைதியான ஒரு தோழன் பக்கத்தில் இருந்தால் நல்லது. தனி அறையில் ஒதுக்கி வைப்பது மட்டும் வேண்டாம், சத்தம் தாங்கவே முடியாத நாட்களில் தற்காலிகமாக இருக்கலாம், நிரந்தர ஏற்பாடாக ஆகக் கூடாது. மற்ற பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அவனுக்கு ஒரு பயிற்சிதான்.

சக மாணவர்களிடம் டீச்சர் ஒரு தடவை எளிமையாகச் சொல்லிவிடலாம்: "அவனுக்கு நாக்கு ரொம்பக் கூர்மை, சில சாப்பாடு அவனுக்குக் கஷ்டமா இருக்கும், நாம கேலி பண்ணாம இருக்கலாம்." பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள். பிறந்தநாள் சாக்லேட், கேக் வருகிற நாளை முன்பே தெரியப்படுத்தினால் அவனுக்குப் பிடித்த ஒன்றை நீங்கள் கொடுத்தனுப்பலாம்.

தண்ணீருக்கு மணி பார்த்து நினைவூட்டுவது அவசியம். வீட்டில் குடிக்கும் அதே பாட்டில், அதே தண்ணீர். ஒவ்வொரு இடைவேளையிலும் பாட்டிலைக் கையில் கொடுத்தால் போதும்.

புதிய உணவு வீட்டிலிருந்துதான் தொடங்கும்

மேலே சொன்னதெல்லாம் சில வாரம் நிலையாக நடந்து, பள்ளியில் பாக்ஸைத் திறக்கும் அளவுக்குப் பயம் போனபின்தான் இதற்கு வர வேண்டும். பலர் இங்கிருந்து தொடங்குகிறார்கள், அதனால்தான் சறுக்குகிறது.

பிடித்த ஒன்றிலிருந்து ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது நல்ல வழி. கடைச் சிப்ஸ் பிடிக்கும் என்றால் அடுத்து வீட்டில் மெல்லியதாகச் சீவிப் பொரித்தது, அப்புறம் கொஞ்சம் தடிமனாக, அப்புறம் மொறுமொறு வறுவல், அங்கிருந்து சேப்பங்கிழங்கு வறுவல். நிறமும் வடிவமும் ருசியும் ஒரே நாளில் மாறக் கூடாது. வாயில் போடுவது என்பது கடைசிப் படி. அதற்கு முன் அந்த உணவு அதே மேசையில் இருப்பதைத் தாங்குவது, தன் தட்டின் ஓரத்தில் இருப்பதைத் தாங்குவது, தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நக்கிப் பார்ப்பது, வாயில் வைத்துத் துப்புவது என்று பல படிகள். துப்புவதற்கு ஒரு கிண்ணமும் அனுமதியும் கொடுங்கள், துப்பலாம் என்று தெரிந்தால்தான் வாயில் வைக்கத் துணிவு வரும். ஒரு படிக்கே பல வாரம் ஆகலாம். சாதாரணக் குழந்தைக்கே ஒரு புதிய உணவைப் பத்துப் பதினைந்து முறை காட்ட வேண்டியிருக்கும், இவர்களுக்கு அதற்கும் மேலே.

வீட்டில் ஓர் உணவு நிலைத்து, யார் சொல்லாமலும் சாப்பிடுகிறான் என்றால்தான் பள்ளி பாக்ஸில் ஓரமாக ஒரு துண்டு. அதை வைக்கும் நாளில் டீச்சருக்குச் சொல்லிவிடுங்கள்: "இன்னைக்கு ஓரத்துல ஒரு கேரட் துண்டு இருக்கு, அவன் பாத்தாலே போதும், சாப்பிடச் சொல்ல வேண்டாம்." பள்ளியில் அவன் தானாக ஒன்றைத் தொட்டான், நண்பன் கொடுத்ததை முகர்ந்தான் என்றால் டீச்சர் அதைச் சொல்லட்டும், நீங்கள் அதை வீட்டில் தொடரலாம். சில பிள்ளைகள் வீட்டில் தொடாததைப் பள்ளியில் கூட்டத்தோடு சாப்பிடுவதும் நடக்கும், அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயம் செய்யாதீர்கள். பிடித்த உணவுக்குள் காயையோ மாத்திரையையோ மறைத்து வைப்பது. கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பிடித்த உணவும் போய்விடும், ஏற்கெனவே பத்து உணவு சாப்பிடும் பிள்ளைக்கு ஒன்பதாகும். இன்னொன்று, பாலும் கோதுமையும் நிறுத்தினால் ஆட்டிசம் சரியாகும் என்று கேள்விப்பட்டு நீங்களாகவே நிறுத்துவது. ஆட்டிசத்தின் அடிப்படையை இது மாற்றுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தயிர்சாதமும் பிஸ்கட்டும்தான் அவன் உலகம் என்றால் அதையும் பறிப்பதாக ஆகிவிடும். உண்மையான அலர்ஜி, செரிமானக் கோளாறு என்றால் டாக்டர் சொல்வார்.

தினமும் ஒரு வரி

பள்ளியிலிருந்து வரும் செய்தி "சாப்பிட்டான் / சாப்பிடவில்லை" என்று இருந்தால் பயனில்லை. "பாதி பிஸ்கட், தண்ணீர் முழுசு, இன்னைக்கு மழைச் சத்தம், காதைப் பொத்தினான்" என்று இருந்தால் எவ்வளவோ தெரிகிறது. வீட்டிலிருந்தும் காலையில் ஒரு வரி போகட்டும்: "ராத்திரி தூங்கல, மோஷன் போகல, இன்னைக்குக் கொஞ்சமாத்தான் சாப்பிடுவான்." மாதம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து ஒரு மாற்றம் மட்டும் முடிவு செய்யுங்கள். அந்த மாதம் முழுக்க வீட்டிலும் பள்ளியிலும் அது ஒன்றுதான். பிள்ளை முன்னால் நின்றுகொண்டு "இன்னைக்கும் ஒண்ணும் தின்னல" என்று பேசிக்கொள்ளாதீர்கள். பேசாத குழந்தைக்கும் எல்லாம் கேட்கும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

எடை குறைவது, பல மாதமாக எடை ஏறாமலே இருப்பது. முன்பு சாப்பிட்டவை ஒவ்வொன்றாகக் கழன்று, உணவுப் பட்டியல் இருபதுக்கும் கீழே வந்து இன்னும் குறைந்துகொண்டே போவது. சாப்பிடும்போது அடிக்கடி இருமல், புரையேறல். நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்காமல் சிறுநீர் குறைவது, இதற்கு அன்றைக்கே டாக்டர். ஈறில் ரத்தம் கசிந்து, கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்தால், பழம் காய் எதுவுமே சாப்பிடாத பிள்ளைகளுக்கு வரும் வைட்டமின் சி குறைபாடாக, அதாவது ஸ்கர்வியாக இருக்கலாம், எலும்பு டாக்டரிடம் போனாலும் என்ன சாப்பிடுகிறான் என்பதைச் சொல்லுங்கள். மங்கிய வெளிச்சத்தில் தடுமாறினால் வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம். சாக்பீஸ், மண், அழிரப்பர் தின்பது பள்ளியில்தான் முதலில் கண்ணில் படும், டீச்சர் அதைத் திட்டி நிறுத்திவிட்டு விடாமல் வீட்டுக்குச் சொல்ல வேண்டும், இரும்புச் சத்துக் குறைவோடு அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும். உணவைத் தவிர்ப்பதும் சுருக்குவதும் உடல்நலத்தையே பாதிக்கும் அளவுக்குப் போனால் அதற்கு ஆர்ஃபிட் என்று தனியாகவே ஒரு மருத்துவப் பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது.

அரசு மருத்துவமனை வழியாகப் போகிறவர்கள் மாவட்டத்தில் உள்ள டி.இ.ஐ.சி. மையத்தை (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் மையம்) கேட்கலாம், 18 வயது வரை பார்ப்பார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல வகை மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் என்.ஐ.இ.பி.எம்.டி. நிறுவனம் இருக்கிறது, அங்கே பல வகைத் தெரபிகளும் ஒரே இடத்தில் உண்டு. ஆட்டிசம் சான்றிதழ் உள்ளவர்களுக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

கடைசியாக ஜூன் மாதம். கோடை விடுமுறை முடிந்து புது வகுப்பு, புது டீச்சர், புது இடம் என்று போகும்போது போன வருடம் சாப்பிட்டதையும் சில பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். ஏப்ரலிலேயே பழைய டீச்சரையும் புது டீச்சரையும் ஒரு பத்து நிமிடம் சேர்த்துச் சந்தித்து, குறிப்பைப் புதுப்பித்துக் கொடுங்கள். பள்ளி திறப்பதற்கு முன் ஒருநாள் அனுமதி வாங்கி, காலி வகுப்பில், அவன் உட்காரப்போகும் இடத்தில் அவனுடைய டிபன் பாக்ஸைத் திறந்து, பிடித்ததைச் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள். முதல் வாரம் முழுக்கப் பழகிய உணவு மட்டும் போதும், காலையில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.